விலை சொன்னவர் தலையில் மலை

உட்கார் கண்ணு. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு மூன்று கால்தான் நம்பிக்கையானவை. புது வருஷத்துக்கு வந்த டெல்லிக் கூட்டம் அதன்மேல் ஏறி நடனமாடியதில் நாலாவது கால் ராஜினாமா செய்துவிட்டது. வேண்டுமானால் அதையும் உன் மதிப்பீட்டில் எழுதிக்கொள். "நாற்காலி, முக்கால்."

காபியைக் குடி. திருப்பூரிலிருந்து வரவழைத்த பொடி. இந்த மலையில் ஃபில்டர் காபி கிடைக்கிற ஒரே இடம் இதுதான். அதை எந்தக் கட்டத்தில் போடுவாய்? சும்மா கேட்டேன்.

நேற்றிலிருந்து பார்க்கிறேன், டேப்பும் கையுமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறாய். சுவரைத் தட்டுகிறாய். கூரையைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறாய். ஒரு பனிச்சறுக்கு விடுதி இன்றைக்கு மார்க்கெட்டில் என்ன விலைக்குப் போகும் என்று கண்டுபிடிக்க, இதை வாங்கப்போகிற டெல்லிக்காரர்கள் ஒரு ஆளை அனுப்புகிறார்கள் என்றதும், மீசையும் பெட்டியுமாக ஒரு சர்மாவையோ குப்தாவையோ எதிர்பார்த்தேன். வந்து இறங்கியது நாகர்கோவில் மெர்லின். கான்வென்ட்தானே? தெரியும். கரண்டியைச் சத்தம் வராமல் சாஸரில் வைத்தாயே, அப்போதே தெரிந்துவிட்டது.

நானும் கான்வென்ட்தான். ஊட்டியில். சிஸ்டர் பெனடிக்டா என்று ஒருவர், விடியற்காலையில் எங்களைப் பச்சைத் தண்ணீரில் குளிக்க வைப்பார். குளிர் ஒரு பெண்ணின் குணத்தை வளர்க்குமாம். எனக்கு வளர்ந்தது சளி. இனிமேல் குளிர் இருக்கிற திசையில் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை என்று அன்றைக்கே தீர்மானம் செய்தேன். திருப்பூரில் மாப்பிள்ளை என்றதும் போட்டோகூடக் கேட்காமல் தலையாட்டினேன் என்றால் அதனால்தான். வெயிலைத்தான் கட்டிக்கொண்டேன் என்று வையேன். கூட இவரும் வந்தார்.

இப்போது ஜன்னலுக்கு வெளியே பார். பங்குனி மாசம். அங்கே ஜனங்கள் வெள்ளரிப்பிஞ்சு கடித்துக்கொண்டிருப்பார்கள். இங்கே நான் இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு உன்னோடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

சரி சரி, மணியைப் பார்க்காதே. சாயங்காலத்துக்குள் நீ டெல்லிக்கு ஃபோன் பண்ணணும், விற்கிறேனா இல்லையா என்று நான் சொல்லணும், அவ்வளவுதானே? விற்கிறேன் என்பேன், பயப்படாதே. கோயம்புத்தூரில் ரேஸ் கோர்ஸ் பக்கம் ஒரு ஃபிளாட் பார்த்து வைத்திருக்கிறேன். தனி அடுப்படி. அந்த இரண்டு வார்த்தைக்காகக் கல்யாணமான நாளிலிருந்து காத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் இந்த மலை எப்படி என் தலையில் வந்து உட்கார்ந்தது என்று நீ தெரிந்துகொள்ளணும். சரித்திரம் தெரியாமல் விலை போடக்கூடாது.

எங்கள் மாமனார் நாச்சிமுத்து பனியன் கம்பெனி வைத்திருந்தார். ஒரு ஜனவரியில் டெல்லி வியாபாரி ஒருவர் மரியாதைக்காக அவரை இந்த மலைக்குக் கூட்டிவந்தார். மாமா வேட்டி சட்டை, தோளில் துண்டு, காலில் தோல் செருப்பு. பல் தந்தியடிக்கச் சுற்றுமுற்றும் பார்த்தார். எங்கே பார்த்தாலும் நடுங்குகிற ஜனங்கள். உடனே அவருக்குப் பொறி தட்டிவிட்டது.

"குளுருக்கு உள்ள போடற தெர்மல் பனியன் நாமதான தைக்கறோம்? குளுர்ற எடத்தையே வாங்கிப்போட்டா, வர்றவன் பூராவும் நம்மகிட்டத்தான வாங்கோணும்?"

குளிரைத் தேடி வருகிறவன் வீட்டிலேயே பனியனைப் போட்டுக்கொண்டு வருவான் என்று அந்த மகா மூளைக்கு எட்டவில்லை. பக்கத்தில் இவர், கொழுந்தனார், மேனேஜர், ஆடிட்டர் என்று ஒரு வரிசை நின்றிருக்கிறது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. தலையாட்டியிருக்கிறார்கள். குளிரில் ஆடிய தலைகளைச் சம்மதம் என்று மாமா எடுத்துக்கொண்டாரோ என்னவோ. விடுதி, சரிவு, விஞ்ச் எல்லாவற்றையும் ஒரு கம்பெனியாக்கி வாங்கினார். பின்னாலேயே ஒரு லாரி நிறையத் தெர்மல் பனியன் வந்தது. வந்த பனியன் கிடங்கில் படுத்தது, எழுந்திருக்கவே இல்லை.

விஞ்ச் என்றால், அதோ, கம்பியில் தொங்கிக்கொண்டு மேலே போகிறதே நாற்காலி வரிசை, அதுதான். இங்கே மேனேஜர் நேகி அதைச் சேர் லிஃப்ட் என்பார். பழனிக்குப் போய்வந்தவர்களுக்கு அது விஞ்ச்தான்.

மாமா இருந்தவரைக்கும் யாரும் இந்த இடத்தைப் பற்றிப் பேசவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு வந்து, போட்டோ எடுத்து, மூக்கு ஒழுகத் திரும்பிப் போவோம். அவர் காலமான பிறகுதான் பாகப் பிரிவினை வந்தது.

அந்தக் குடும்பத்தில் சொத்துப் பிரிக்க ஒரு முறை உண்டு. வெளியாள் கிடையாது. உன்னை மாதிரி டேப் பிடிக்கிறவர்கள் கிடையாது. மூத்தவன் ஒரு சொத்தின் பாதிப் பங்குக்கு விலை சொல்லணும். இளையவன் ஒரே வார்த்தையில் பதில் சொல்லணும். "எடுத்துக்கிறேன்" என்றால், அந்தப் பணத்தை அண்ணனுக்குக் கொடுத்துவிட்டுச் சொத்தை இவன் எடுத்துக்கொள்வான். "எடுத்துக்கோ" என்றால், அதே பணத்தை அண்ணன் இவனுக்குக் கொடுத்துவிட்டு வைத்துக்கொள்ளணும். பேரம் கிடையாது, மறுபேச்சு கிடையாது. கூட்டிச் சொன்னால் சொன்னவன் தலையிலேயே விழும். குறைத்துச் சொன்னால் கையைவிட்டுப் போகும். அதனால் மூத்தவன் ஒழுங்கு மரியாதையாக நியாய விலை சொல்வான். மாமாவும் அவர் தம்பியும் தறி, தோட்டம், கிணறு எல்லாவற்றையும் அப்படித்தான் பிரித்துக்கொண்டார்கள். இவரும் கொழுந்தனார் சென்னியப்பனும் பனியன் கம்பெனியையும் தென்னந்தோப்பையும் சண்டையில்லாமல் அப்படித்தான் பிரித்தார்கள். கடைசியில் மிச்சம் இருந்தது இந்த மலை.

இங்கேதான் என் ஓர்ப்படி வருகிறாள். கொழுந்தனாரின் மனைவி சுபத்ரா.

அவளைப் பற்றி நான் தப்பாக ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். வேலைக்கு வணங்காதவள் என்று ஊர் சொல்லும், நான் சொல்லமாட்டேன். ஒரே வீடு, ஒரே அடுப்படி. நான் ஃபில்டரை ஜன்னல் ஓரம் வைத்தால் அவள் அலமாரிக்குள் வைப்பாள். நான் சாம்பாரை இறக்கி வைத்தால், ருசி பார்க்கிற மாதிரி வந்து ஒரு கட்டி வெல்லம் போட்டுவிட்டுப் போவாள். வெல்லம்! கேட்டால், "வாசத்துக்குங்க்கா" என்பாள். இத்தனை வருஷத்தில் அந்த அடுப்படியில் முழுசாக என்னுடைய சாம்பார் என்று ஒன்றை நான் சாப்பிட்டதே இல்லை.

அந்தச் சுபத்ராவுக்கு இந்த மலை என்றால் உயிர். அதாவது, அவள் வாட்ஸப் ஸ்டேட்டஸைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். சிவப்பு ஜெர்கின் போட்டுக்கொண்டு, கையில் பனியை அள்ளிக்கொண்டு, வாரத்துக்கு ஒரு பழைய போட்டோ. கீழே "என் சொர்க்கம்" என்று இங்கிலீஷில், அதிலும் ஒரு எழுத்து குறையும். பாகம் பேச ஆரம்பித்த பிறகு தினம் ஒன்று வர ஆரம்பித்தது. எனக்கு மனிதர்களைப் படிக்கத் தெரியும் கண்ணு. கான்வென்டில் சிஸ்டர் வரும் காலடிச் சத்தத்தை வைத்தே அன்றைக்கு யாருக்கு அடி என்று சொல்லிவிடுவேன். நான் கணக்குப் போட்டேன். இவள் இந்த இடத்தை விடமாட்டாள். எவ்வளவு சொன்னாலும் எடுத்துக்கொள்வாள். சொல்கிற விலையைக் கொஞ்சம் தாராளமாகச் சொன்னால், ரேஸ் கோர்ஸ் ஃபிளாட்டுக்கு மார்பிள் தரையும் சேர்ந்துவிடும்.

எங்கள் வீட்டில் முக்கியமான விஷயங்களை இவர் குளிக்கும்போதுதான் பேசுவேன். தாழ்ப்பாள் போட்டிருப்பார், எங்கேயும் ஓட முடியாது.

"ரெட்டிப்பாச் சொல்லுங்க" என்றேன் கதவுக்கு இந்தப் பக்கமிருந்து.

தண்ணீர்ச் சத்தம் நின்றது. "ரெட்டிப்பா? அது ஆகாது மணி. அப்பா மொறை. நாயமாச் சொல்லோணும்."

"நாயம் உங்கப்பாவோட போச்சு. சுபத்ரா விடமாட்டா. ஸ்டேட்டஸ் பாக்கறீங்களா இல்லியா?"

"தம்பி எடுத்துக்கோன்னு சொல்லிப்போட்டான்னா?"

"அவரு எப்பங்க தானாப் பேசியிருக்காரு? அவ பேசறதுதான அவரு வாய்ல வரும்?"

"கண்ணுல சோப்பு போயிருச்சு மணி, அப்பறம் பேசலாம்."

"சோப்பு போனாப் போகட்டும். ரெட்டிப்பு."

ஆவணியில் நல்ல நாள் பார்த்து, மாமனார் படத்துக்கு விளக்கேற்றி, ஹாலில் எல்லோரும் உட்கார்ந்தோம். சுபத்ரா கச்சாயம் சுட்டு வைத்திருந்தாள். அவள் வலிய இனிப்புச் சுட்ட ஒவ்வொரு நாளும் எனக்கு ஏதாவது கெட்டது நடந்திருக்கிறது, அன்றைக்குப் பார்த்து அது எனக்கு உறைக்கவில்லை.

இவர் தொண்டையைக் கனைத்தார். படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சொன்னார். ரெட்டிப்புத்தான், அதில் குறை சொல்லமாட்டேன். ஆனால் எப்படிச் சொன்னார் தெரியுமா? ஆஸ்பத்திரியில் நர்ஸிடம் நோயைச் சொல்கிற மாதிரி. கடைசி எழுத்து வெளியே வரவே இல்லை.

கொழுந்தனார் சுபத்ராவைப் பார்த்தார். சுபத்ரா காபி டம்ளரை டவராவுக்குள் வைத்தாள், அவ்வளவுதான்.

"எடுத்துக்குங்கண்ணா" என்றார் கொழுந்தனார்.

இவர் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஒரு கச்சாயத்தை எடுத்துக் கடித்தார்.

"நங்கை, நீங்க கான்வென்ட்ல ஊட்டிக் குளுர்ல இருந்தவங்க, உங்களுக்கு அந்த எடம் ஒத்துக்கும்" என்றார் கொழுந்தனார். அண்ணியான என்னை அவர் நங்கை என்றுதான் கூப்பிடுவார். ரொம்ப மரியாதை.

"சுத்தமான காத்துங்க்கா" என்றாள் சுபத்ரா. "எங்களுக்குத்தான் குடுத்து வெக்கல."

அவ்வளவு ரொக்கத்துக்கு நாங்கள் எங்கே போவது? திருப்பூர் வீட்டில் எங்கள் பாதி அவர்களுக்குப் போயிற்று. ஜன்னல் ஓரம், அலமாரி, ஃபில்டர் வைக்கிற இடம், எல்லாம்.

இதில் என் தப்பு என்ன என்று நீயே சொல். விலையில் தப்பில்லை. சொன்ன விதத்தில்தான் தப்பு. நிமிர்ந்து உட்கார்ந்து, கொடுக்க மனசில்லாதவர் மாதிரிச் சொல்லியிருந்தால் அவர்கள் பாய்ந்து எடுத்திருப்பார்கள். ஆள் நடுங்கியதைப் பார்த்துவிட்டு உஷாராகிவிட்டார்கள். பெங்களூரில் இருக்கிற என் மகள் வேறு கதை சொல்கிறாள். அந்தப் போட்டோவெல்லாம் சித்தி உனக்காகவே போட்டதும்மா என்கிறாள். ஸ்டேட்டஸை யார் யார் பார்க்கிறார்கள் என்று சித்திக்குத் தெரியுமாம், தினம் முதல் ஆளாகப் பார்ப்பது நான்தானாம். சே! அவ்வளவு மூளை அவளுக்குக் கிடையாது. ரசத்துக்கு எவ்வளவு புளி என்றே தெரியாதவள். ஏதோ குருட்டு அதிர்ஷ்டம். மறுநாளே ஸ்டேட்டஸ் கடற்கரைக்கு மாறியதும் தற்செயல்தான்.

கிளம்புகிற அன்றைக்கு அந்தச் சிவப்பு ஜெர்கினைக் கொண்டுவந்து என் பெட்டியில் வைத்தாள். "இனி எனக்கு எதுக்குங்க்கா, நீங்க போட்டுக்குங்க."

இதோ போட்டிருக்கிறேனே, இதுதான். நல்ல ஜெர்கின். அக்குளில் கொஞ்சம் பிடிக்கிறது.

இவர் எனக்குச் செய்த ஒரே பழிவாங்கல், இந்த விடுதிக் கம்பெனியின் பங்கு முழுவதையும் என் பேரில் மாற்றியதுதான். "வெல சொன்னது நீ. நீயே வெச்சுக்கோ" என்றார். அப்படியாக நான் முதலாளியம்மா ஆனேன். ஒரு சீஸன் ஓட்டிவிட்டு, வருகிற விலைக்குத் தள்ளிவிட்டுக் கோயம்புத்தூர் போய்விடுவது என்று பேசிக்கொண்டு ஐப்பசியில் வந்து இறங்கினோம்.

வந்த அன்றைக்கு அடுப்படியைப் பார்த்தேன். எவ்வளவு பெரிசு என்கிறாய்? பன்னிரண்டு அடுப்பு, ஆள் உயரத்துக்கு ஒரு அலமாரி, வாசலில் நின்று கூப்பிட்டால் அந்தக் கோடியில் இருப்பவருக்குக் கேட்காது. ஃபில்டரை ஜன்னல் ஓரம் வைத்தேன். மறுநாள் காலையில் வந்து பார்த்தேன். ஜன்னல் ஓரமே இருந்தது. மூன்றாம் நாளும் இருந்தது. தூங்கி எழுந்ததும் முதல் வேலையாக அதைத்தான் போய்ப் பார்ப்பேன். இவர் கேட்டார், "அதுல என்ன தெரியுது?" என்று. காபி என்றேன்.

ஆனால் மாவு பொங்கவில்லை கண்ணு. அரைத்து வைத்தது வைத்தபடி இருக்கும், சுண்ணாம்பு கரைத்த மாதிரி. கம்பளி சுற்றினேன். சமையல் அறையில் அடுப்புப் பக்கம் வைத்தேன், ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் செத்தது. இட்லி ஊற்றினால் கேரம் போர்டு காய் மாதிரி வந்தது. நேகி ஒன்றைக் கடித்துவிட்டு, "மேடம், இது அடுப்பில் போடும் முன்னாலா, பின்னாலா?" என்று பணிவாகக் கேட்டார். அப்புறம்தான் கண்டுபிடித்தேன். இந்தக் கட்டடத்தில் ராத்திரி பகல் ஒரே சூட்டில் இருக்கிற அறை ஒன்றே ஒன்று, சறுக்கிவிட்டு வருகிறவர்களின் பூட்ஸைக் காயவைக்கிற அறை. நம் ஊர் வெயில் அப்படியே அங்கே இருக்கிறது. மேல் தட்டில் மாவு அண்டா, மூன்று மூடி, மேலே ஒரு ஈரத்துணி. கீழ்த் தட்டில் பூட்ஸ். மூக்கைச் சுளிக்காதே, நேற்று நீ ஆறு இட்லி சாப்பிட்டாய்.

லூதியானாக்காரர் ஒருவர் ஒன்பது சாப்பிட்டார். சறுக்க வந்த மனிதர் சறுக்கவே இல்லை. சண்டிகரிலிருந்து ஒரு அம்மா மாசத்துக்குள் இரண்டாம் தடவை வந்தாள், சரிவு ரொம்ப நன்றாக இருக்கிறதாம், கையில் சாம்பாருக்கு டிபன் கேரியர். என்னுடைய சாம்பார். வெல்லம் இல்லாதது. இவர்களுக்கெல்லாம் பரிமாறித் தொலைக்கணுமே என்று எனக்கு எவ்வளவு எரிச்சல் தெரியுமா? ஒரு பையன் ஸ்பூனால் இட்லியைக் குத்தினான். வெளியே அனுப்பிக் கை கழுவி வரச் சொன்னேன். அவன் அம்மா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். பைத்தியக்கார ஜனங்கள்.

பனி? அதைக் கேட்காதே. தை பிறந்தும் சரிவு மொட்டை மொட்டையாகக் கிடந்தது. ஸ்கீ ரிசார்ட் என்று போர்டு, வாசலில் புல். நேகியும் ஆட்களும் மலைக்குப் பின்னால் வெயில் படாத பள்ளத்திலிருந்து கூடை கூடையாகப் பனியை அள்ளிவந்து ஒட்டுப் போட்டார்கள். இங்கே எல்லா விடுதியிலும் அப்படித்தானாம். போட்ட லட்சணத்தைப் பார்க்கணுமே! "கோலப்பொடி மாதிரித் தூவாதீங்க, அடை தட்டற மாதிரித் தட்டுங்க" என்றேன். அடைக்கு ஹிந்தியில் என்ன என்று தெரியாமல் முட்டி போட்டு உட்கார்ந்து தட்டிக் காண்பித்தேன். அந்த ஒட்டு பதினைந்து நாள் தாங்கியது. பக்கத்து விடுதிக்காரர் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

இவர் டிக்கெட் கூண்டில் விறகு அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். முதல் பத்து நாள் யாரோடும் பேசவில்லை. அப்புறம் ஒருநாள் கிடங்கைத் திறந்து மாமாவின் தெர்மல் பனியன் ஒன்றை எடுத்து உதறி, ஜன்னலில் தொங்கவிட்டார். பனியில் விழுந்து புரண்டு உள்பனியன்வரை நனைந்து வருகிறவர்களுக்கு மாற்றிக்கொள்ள உலர்ந்தது ஒன்று வேண்டுமல்லவா? அது மாமாவுக்கும் தோன்றவில்லை, ஆடிட்டருக்கும் தோன்றவில்லை. இப்போது அந்த லாரிச் சரக்கில் பாதி காலி. சாயங்காலமானால் அளவு கேட்டு வரிசை நிற்கிறது. அவர் குரல் இங்கேவரை கேட்கும். திருப்பூரில் அவருக்கு அப்படி ஒரு குரல் இருந்ததே எனக்குத் தெரியாது.

என்ன பார்க்கிறாய் அங்கே? ஓ, அந்தச் சின்ன பூட்ஸா. வாசலில் காய்கிறதே, அதுவா. என்னுடையதுதான்.

சிரிக்காதே. விஞ்ச் ஒழுங்காக ஓடுகிறதா என்று பொறுப்பான ஆள் ஒருவர் தினமும் மேலே போய்ப் பார்க்கணும் இல்லையா? மேலே போனால் இறங்கணும். இறங்குகிற நாற்காலியில் உட்கார்ந்தால் எனக்குத் தலை சுற்றுகிறது. அப்புறம் வேறு எப்படி இறங்குவதாம்? அதனால் சறுக்குக் கட்டையைக் காலில் மாட்டிக்கொண்டு வருகிறேன். முதல் நாள் விழுந்தேன். இரண்டாம் நாள் ஒரு புரொபசர்மேல் விழுந்தேன். இப்போது விழுவதில்லை. ஆள் வருவதற்கு முன்னால் காலையில் ஒருதரம், எல்லோரும் போன பிறகு ஒருதரம். வேலை, கண்ணு. வேறென்ன?

சரி, உன் காகிதத்தைக் காட்டு. இப்படித் திருப்பு.

நிலம், சரி. கட்டடம், இதென்ன இவ்வளவு குறைவு? கூரை ஒழுகுகிறதா? ஒரு இடத்தில்தான் ஒழுகுகிறது, அதுவும் பனி உருகினால்தான். விஞ்சுக்கு நேரே என்ன எழுதியிருக்கிறாய்? "பழைய இரும்பு, எடைக்கு." எடைக்கா? காலையில் அதில் ஏறிப் போனாயே, எடைக்குப் போடுகிற இரும்பா உன்னை மேலே தூக்கிக்கொண்டு போயிற்று? ஓ, வாங்குகிறவர்களுக்கு அது தேவையில்லையா.

கல்யாண மண்டபமா?

மாப்பிள்ளை ஹெலிகாப்டரில் வந்து இறங்குவதற்கு இந்தச் சரிவை வெட்டிச் சமப்படுத்தப் போகிறார்களா. பலே. நாங்கள் முட்டி போட்டு ஒட்டுப் போட்ட சரிவு. பூட்ஸ் அறை? இடிபடும். சமையலறை? அதுவும். சாப்பாடு கேட்டரிங்காரர்கள் டெல்லியிலிருந்தே டப்பாவில் கொண்டுவந்துவிடுவார்கள். நல்லது. ரொம்ப நல்லது. எனக்கென்ன வந்தது? நான் ரேஸ் கோர்ஸில் இருப்பேன்.

நற்பெயர் என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறாயே, அதற்கு நேரே ஏன் ஒரு கோடு? ஒன்றுமில்லை என்று அர்த்தமா? அந்தச் சண்டிகர் அம்மாவின் டிபன் கேரியரை எங்கே போட்டாய்?

கோபமா? எனக்கா? இல்லையே.

கடைசித் தொகை இதுதானா. ம்.

இல்லை, குறைவில்லை. பொய் சொல்லக்கூடாது. சுபத்ராவுக்குக் கொடுத்தது திரும்பி வந்துவிடும், ஃபிளாட்டும் வரும். சரியாக வரும். அந்த ஃபிளாட்டின் வரைபடம் என் ஃபோனில் இருக்கிறது, பார்க்கிறாயா? இது ஹால். இது படுக்கையறை. இது அடுப்படி. இல்லை கண்ணு, அது பாத்ரூம். அடுப்படி இது. இந்தச் சின்னக் கட்டம். இரண்டு கையையும் நீட்டினால் இரண்டு சுவரும் தட்டும், போய்ப் பார்த்தபோது நீட்டிப் பார்த்தேன். ஜன்னல் கிடையாது. அந்த இடத்தில் எதிர் ஃபிளாட்டுக்காரர்களின் பைப் போகிறது. அப்போது அது பெரிய குறையாகத் தெரியவில்லை.

மெர்லின், ஒன்று கேட்கிறேன். இந்த விலையைச் சொன்னது யார்? நானா? நான் வாயே திறக்கவில்லையே. டெல்லிக்காரர்கள்தான் ஆள் அனுப்பினார்கள், அவர்கள்தான் சொல்கிறார்கள். நீயே எழுதியிருக்கிறாய்.

அப்படியானால் எங்கள் வீட்டு முறைப்படி ஒரு வார்த்தை பதில் சொல்லவேண்டியது நான்.

எடுத்துக்கிறேன்.

ஏன் அப்படி முழிக்கிறாய்? அவர்கள் சொன்ன விலைக்கு நானே எடுத்துக்கிறேன் என்று ஃபோனில் சொல். ஏற்கெனவே என்னுடையதுதானே என்கிறாயா? அப்படியானால் இன்னும் சுலபம், பத்திரச் செலவு மிச்சம். பேரம் கிடையாது, மறுபேச்சு கிடையாது. அவர்களுக்கு முறை புரியாவிட்டால் அது அவர்கள் வளர்ப்பு.

நீ வேறு எதுவும் நினைத்துக்கொள்ளாதே. இந்த இடத்தின்மேல் எனக்கு ஒரு பிரியமும் கிடையாது. குளிர் ஆகாது, மூட்டு வலிக்கிறது, பார்க்கத் தெருவில் ஒரு மனுஷ முகம் கிடையாது. சிஸ்டர் பெனடிக்டா மட்டும் இப்போது என்னைப் பார்த்தால் விழுந்து விழுந்து சிரிப்பார். நாளைக்கே நியாயமான ஆள் ஒருவர், விஞ்சை எடைக்குப் போடாத ஆள், வந்து கேட்கட்டும், கொடுத்துவிட்டுப் போகிறேன். யாரும் கேட்கவில்லை, அதற்கு நான் என்ன செய்ய?

ஏனுங்க, உள்ளே வாங்க, எதுக்கு வாசப்படியில நின்னு பனியனை மடிச்சுக்கிட்டே ஒட்டுக் கேக்கறீங்க? ஆமா, சொல்லிட்டேன். எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டேன்.

பார்த்தாயா, ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்டாரா? விசிலடித்துக்கொண்டு போகிறார். மாடிப்படியில் கேட்கிறதா அந்தச் சத்தம்? இந்தத் தெம்பில் கால் பங்கு அன்றைக்கு மாமனார் படத்துக்கு முன்னால் இருந்திருந்தால், நான் இந்நேரம் கோயம்புத்தூரில் இரண்டு சுவரையும் தொட்டுக்கொண்டு நின்றிருப்பேன்.

நீ எழுந்திரு, டெல்லிக்குச் சொல்லிவிட்டு வா. இங்கே சிக்னல் கிடைக்காது, பூட்ஸ் அறையில் ஜன்னல் பக்கம் நின்றால் கிடைக்கும். உள்ளே போனதும் கதவைச் சாத்திவிடு. திறந்து போட்டுக்கொண்டு பேசாதே, அடுத்த வேளைக்கு மாவு இப்போதுதான் பொங்க ஆரம்பித்திருக்கிறது. நாளைக்கு அமிர்தசரஸிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆள் வருகிறார்கள்.